கூப்பிட்டால் திரும்புகிறவள்

"வேம்பு, சட்னி இன்னும் கொஞ்சம் ஊத்து புள்ள."

குரல் கேட்டதும் இரண்டு பெண்கள் திரும்பினார்கள். ஒருத்தி இட்லிக் கடை அடுப்புக்குப் பின்னால் நின்ற ராசம்மாள். இன்னொருத்தி தெருவில் பேரூராட்சி ஓவர்சியரோடு நின்று சாக்கடை அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த வேம்பரசி, அந்த வார்டின் உறுப்பினர். சட்னி கேட்டவர் வேம்பரசியின் அப்பா மருதையன். ஆனால் அவர் கண் போனது ராசம்மாளிடம்.

ராசம்மாள் சட்னி ஊற்றினாள். "மெதுவா சாப்புடுப்பா, விக்கப் போவுது" என்றாள்.

வேம்பரசிக்கு அளவு நாடாவின் நுனி எங்கே போனது என்று தெரியவில்லை. ஓவர்சியர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

வேம்பு என்பது அப்பா வைத்த பெயர். கல்லூரியில் சேர்ந்த வருடம் அவளே அதை வேம்பரசி என்று நீட்டிக்கொண்டாள். அப்போது எல்லோருடைய பெயரிலும் ஓர் அரசியோ செல்வியோ ஒட்டிக்கொண்டிருந்தது. வேம்பு என்றால் நாற்றுப் பறிக்கப் போகிறவள், வேம்பரசி என்றால் டீச்சர் என்று அவளுக்குத் தோன்றியது. கணவர் அரசி என்றார். ஊர் மெம்பரம்மா என்றது. அம்மா தங்கம்மாள் இறந்த பிறகு பழைய பெயரைச் சொல்ல அப்பா ஒருவர்தான் மிச்சம். ஒரு வருடமாக அவருக்கும் ஞாபகம் தப்பிவிட்டது. தஞ்சாவூர் டாக்டர் இது திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

நாம் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட புடவையை இன்னொருத்தி உடுத்திக்கொண்டு எதிரில் வந்தால் எப்படி இருக்கும்? அவளுக்கு நன்றாக இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றும். பிறகுதான் உள்ளே எரியும்.

மருதையன் அவளைப் பார்த்துவிட்டார். இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தார்.

"வாங்க மெம்பர். ரோடு போடப் போறீங்களா? நல்லதுங்க. உக்காருங்க. வேம்பு, மெம்பருக்கு ஒரு டீ குடு புள்ள."

விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த காலத்தில் அதிகாரிகளிடம் அவர் இப்படித்தான் பேசுவார். குரலில் ஒரு குறையும் வைக்க மாட்டார். வார்த்தைக்கு வார்த்தை ங்க போடுவார். அந்த மரியாதைக்குள் ஒரு சுவர் இருக்கும். இப்போது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் மகள் நின்றாள். அவள் டீயைக் குடித்தாள். டீ நன்றாக இருந்தது. அதையும் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் தனியாக வந்தாள். கடையில் அரசாங்கம் கொடுத்த டிவி ஓடிக்கொண்டிருந்தது. நெல் மூட்டை ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர் மீன்குழம்பு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பேரு ராசம்மாள்தானே?"

"ரேஷன் கார்டுல அப்படித்தான் இருக்கு மெம்பரம்மா."

"அப்ப எங்கப்பா வேம்புன்னா ஏன் திரும்புறீங்க?"

ராசம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிப் பாத்தேங்க. நான் அதிராம்பட்டினத்துப் பக்கத்து ஆளு, ராசம்மா எம்பேருன்னு. மனுசன் மூஞ்சி சுண்டிப்போச்சு. இலைய மூடிட்டு எந்திரிச்சிட்டாரு. வயசானவரு பசியோட போறாரேன்னு, சரி நான் வேம்புதான், உக்காருன்னேன். பேருதானே?"

"அது என் பேரு."

"அப்ப என் பேர நீங்க வச்சுக்குங்க. கூப்புட ஆளில்லாம சும்மாத்தான் கெடக்கு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டுப் புரையேறி இருமினான். வேம்பரசியின் காது சூடானது.

"ஞாபகம் இல்லாத மனுசர ஏமாத்தி உக்கார வச்சிருக்கீங்க. அது தப்பு, தெரியுதா?"

"ஏமாத்தி அவருகிட்ட என்னத்த எடுத்துக்கப் போறேன்? ஒரு துண்டு, ஒரு சோடிச் செருப்பு. தலை வறண்டு கெடந்துச்சு, எண்ணெ வச்சு விட்டேன். அதுவும் தப்புன்னா சொல்லுங்க, வைக்கல."

வேம்பரசி திரும்பி நடந்தாள். சில நாட்களாக அப்பாவின் தலை பளபளவென்று இருந்ததை அவள் கவனித்திருந்தாள். கணவர்தான் வைத்துவிடுகிறார் என்று நினைத்து மனசுக்குள் நன்றிகூடச் சொல்லியிருந்தாள். வீட்டில் அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாலே அப்பா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அந்தத் தலையை இவளிடம் குனிந்து கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் கண்ணில் நின்றது அந்தக் குனிந்த தலைதான். சின்ன வயதில் அவளுக்குச் சங்கத்தின் மேல் இதே மாதிரி எரிச்சல் இருந்தது. அப்பா கூலிப் போராட்டம் என்று போவார், ஊர்வலம் என்று போவார், ஜெயிலுக்கும் போவார். ஊருக்கெல்லாம் அவர் இருந்தார். சங்கத்தை என்ன செய்ய முடியும்? அதற்கு முகம் இல்லை. இப்போது முகம் இருக்கிறது. மூக்குத்தி போட்ட, வியர்வை வழிகிற, சிரிக்கிற முகம்.

பேரூராட்சிக் கூட்டம் அந்த வாரமே வந்தது. பேச வேண்டியவை இரண்டு: கோயில் குளத்திலிருந்து கடைத்தெரு வரை சிமெண்ட் ரோடும் வடிகாலும் போடுவது, முதியோர் பாதுகாப்புக் குழு ஆட்டோ வாடகைக்குப் பணம் கேட்டு வைத்த கோரிக்கை.

அந்தக் குழுவே வேம்பரசி கொண்டுவந்ததுதான். யாரோ ஒரு மகன் தன் அப்பாவைப் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டுப் போனபோது, அழுதுகொண்டே பேசி அதை நிறைவேற்றினாள். பேப்பரில் படம் வந்தது. நினைவு தவறிய முதியவர்களைக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் வெளியார் வைத்துக்கொள்ளக் கூடாது, குழு நேரில் போய் அழைத்து வரலாம் என்ற வரியை எழுதியதும் அவளே. எழுதும்போது அதில் தன் அப்பா வருவார் என்று நினைக்கவில்லை.

தலைவர் வைத்தியலிங்கம் வரைபடத்தை மேசையில் விரித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். வடிகாலை ஓவர்சியர் மேற்குப் பக்கம் போட்டிருந்தார். மேற்கில் ஜவுளிக்கடைப் படிக்கட்டு தெருவுக்குள் இறங்கியிருந்தது. கடை ஆளுங்கட்சிக்காரருடையது.

"படிய இடிச்சா நம்ம தலைய இடிப்பாரும்மா" என்றார்.

"கிழக்குப் பக்கம் போட்டா என்னங்க?" என்றாள் வேம்பரசி.

அவள் குரல் அவளுக்கே புதிதாக, மிகவும் சாதாரணமாகக் கேட்டது.

"கிழக்கால என்ன இருக்கு?"

"ஒரு இட்லிக் கடை. புறம்போக்குலதான் இருக்கு."

எதிர்வரிசை உறுப்பினர் சாரங்கபாணி தலையைத் தூக்கினார். "அங்கதானேம்மா உங்கப்பா சாப்புடுறாரு? ருசி தெரிஞ்ச மனுசன்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இனிமே வீட்ல சாப்புடுவாரு" என்றாள்.

வைத்தியலிங்கத்தின் நெற்றி தெளிந்தது. "அப்ப கிழக்காலயே வச்சுக்குவோம். ஆட்சேபணை உண்டா?"

யாருக்கும் இல்லை. கைகள் உயர்ந்தன. தன் கை உயர்வதை வேம்பரசி பார்த்தாள். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. அவள் மூன்றாவது படிக்கும்போது, குடவாசலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் குடியிருந்த மனைக்கட்டைப் பண்ணை ஆட்கள் பிரிக்க வந்தார்கள். கூலி கேட்டதற்காக என்று சொல்லவில்லை. வாய்க்கால் வெட்ட வேண்டும், தண்ணீர் எல்லாருக்கும் பொது என்றார்கள். அப்பா போய் மண்வெட்டிகளுக்கு முன்னால் படுத்துக்கொண்டார். அது வேறு, இது உண்மையிலேயே ஊர்ப் பொதுக் காரியம் என்று அவள் சொல்லிக்கொண்டாள். பண்ணையும் தன் மனசிடம் அப்படித்தான் சொல்லியிருக்கும். தெரிந்தும் கையை இறக்கவில்லை.

குழுவின் ஆட்டோவுக்கும் பணம் ஒதுக்கினார்கள். குழுவோடு அவளும் அப்பாவை அழைக்க இட்லிக் கடைக்குப் போனாள். கிராம நர்சும் குழுப் பெண்கள் இரண்டு பேரும் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் மருதையன் எதையோ புரிந்துகொண்டவர்போல் வேட்டியைச் சரிசெய்தார்.

"பேச்சுவார்த்தைக்குக் கூப்புட வந்திருக்காங்க புள்ள" என்றார் ராசம்மாளிடம். "தாசில்தாரு வந்திருப்பாரு. முடிச்சிட்டு வந்துடறேன். பாத்து இரு."

ராசம்மாள் எதிர்த்துப் பேசுவாள் என்று வேம்பரசி எதிர்பார்த்தாள். அதற்குப் பதில்கூட வைத்திருந்தாள். ராசம்மாளோ அவர் தோளில் சரிந்திருந்த துண்டை எடுத்துச் சீராகப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான். "சண்ட போடாம பேசிட்டு வாப்பா" என்றாள். அந்தத் துண்டைப் போட்ட கையை வேம்பரசி ஆட்டோ திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அப்பா விருந்தாளியாக இருந்தார். சோறு போட்டால் "போதுங்க" என்றார். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்து, "வேணாங்க, எங்க பொண்ணு வச்சுவிடும்" என்றார். தாசில்தார் எப்போது வருவார் என்று கேட்டார். வெளிக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. அது அவருடைய பாதுகாப்புக்குத்தான் என்று வேம்பரசி கணவரிடம் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்காமலே சொன்னாள்.

பொக்லைன் வந்து கடையை எடுத்த மறுநாள் ராசம்மாள் வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"ஒரு தரம் பாத்துட்டுப் போறேன் மெம்பரம்மா."

"தூங்கறாரு."

உள்ளேயிருந்து மருதையன் இருமினார். இரண்டு பேருக்கும் கேட்டது. ராசம்மாள் கேட்டின் கம்பியைப் பிடித்தாள்.

"ரயில்வே கேட்டுகிட்ட தள்ளுவண்டி போட்டிருக்கேன். கேட்டாருன்னா சொல்லுங்க."

வேம்பரசி சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்பதை மட்டுமல்ல, கூப்பிடுவதையே அவர் நிறுத்திவிட்டார். அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வேம்பு என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. ராசம்மாளிடமிருந்து அதைப் பிடுங்கினால் தன்னிடம் வந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எடுத்த பிறகு பார்த்தால், அது இரண்டு பேரிடமும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. வார்டு ஆட்கள் குறை சொல்ல வரும் முன்னறையில், குழாய்த் தண்ணீர் வராததைச் சொல்ல வந்த இரண்டு பெண்களுக்குப் பின்னால் மருதையன் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்தார். அவர்கள் எழுந்து போனதும் முன்னால் நகர்ந்தார்.

"மெம்பருக்கு வணக்கங்க. ஒரு கோரிக்கைங்க."

"சொல்லுங்கய்யா." அப்பா என்று சொன்னால் அவர் குழம்பிப்போவார் என்று அவளுக்கு இதற்குள் தெரிந்திருந்தது.

"எம் பொண்ணக் காணுங்க. பேரு வேம்பு. பேச்சுவார்த்தைன்னு நான் வந்து தங்கிட்டேன். அது தேடி வரும்னு பாத்தேன், வரல. அப்படி வராத புள்ள இல்லீங்க. பெரியவங்களக் காப்பாத்தக் குழு வச்சிருக்கீங்களாம். சின்னவங்களயும் கொஞ்சம் தேடச் சொல்லுங்க."

நான்தான் வேம்பு என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். போன மாதம் ஒரு தடவை சொல்லியிருந்தாள். அவர் மரியாதையாகத் தலையாட்டி, "அப்படிங்களா" என்றார். இன்னொரு முறை அந்த "அப்படிங்களா"வைக் கேட்க அவளால் முடியாது.

"வாங்கய்யா, தேடிப் பாப்போம்" என்றாள்.

பூட்டைத் திறந்தாள். புது சிமெண்ட் ரோட்டில் இருவரும் நடந்தார்கள். ஈரம் காயாமல் இருக்க ரோட்டின் மேல் வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கிழக்குப் பக்க வடிகால் மூடி போடாமல் கிடந்தது. அந்த இடத்தில் அவர் நிற்கவில்லை. அங்கே ஒரு கடை இருந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை.

"எப்படி இருக்கும் உங்க பொண்ணு?" என்று கேட்டாள். உயரம், நிறம் என்று எதையாவது சொல்வார் என்று நினைத்தாள்.

"கோவக்காரிங்க" என்றார் மருதையன். சொல்லும்போதே முகம் மலர்ந்தது. "ஒரு வருசம் அறுப்புக்குப் போகாம நின்னோம். வீட்ல ஒரு மணி நெல்லு கெடயாது. அவ அம்மா நடவுக்கு வெளியூரு போயிருந்தா. இந்தப் புள்ள வரப்புல போயி நண்டு புடிச்சிட்டு வந்து ரசம் வச்சுச்சு. எத்தினி வயசுங்கிறீங்க, இத்தினியூண்டு. பெரிய கால எல்லாம் எனக்குன்னு எடுத்து வச்சிட்டு, அப்பா எந்திரிப்பா, எந்திரிப்பான்னுச்சு."

வேம்பரசி நடையை மெதுவாக்கினாள். அந்த நண்டு ரசம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்பா எழுந்திருக்கவே இல்லை. தான் சமைத்தது அவருக்கு வேண்டாம்போல என்று நினைத்து, சட்டியோடு கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினாள்.

"எந்திரிக்கலியா நீங்க?"

"முழிச்சுத்தாங்க கெடந்தேன். நான் தின்னுட்டா அதுக்கு ஏது? தூங்குற மாதிரி படுத்துக்கிட்டேன். அது தின்னிருக்கும். நான் பாக்கல. கண்ணத் தொறந்தா கண்டுபுடிச்சிடுமே."

இத்தனை வருடமும் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சின்னப் பெண் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. ராசம்மாள் மேல் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. ராசம்மாளின் கடையை எடுக்க முடிந்தது. இவளை எங்கிருந்து எடுப்பது?

தெரு முனையில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ரயில்வே கேட். இங்கிருந்தே தள்ளுவண்டியின் நீலத் தார்ப்பாய் தெரிந்தது, புகை வந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் போய்விடலாம். ராசம்மாள் திரும்பிப் பார்ப்பாள். இவர், வேம்பு என்பார். எல்லாம் முடிந்துவிடும்.

"எந்தப் பக்கங்க போறது?" என்றார் மருதையன்.

அவர் இன்று அவளைப் பார்த்தே ஆக வேண்டும், கொண்டுபோய்த்தான் விடவேண்டும். அது வேம்பரசிக்குத் தெரியும். ஆனால் இன்னும் வெயில் ஏறவில்லை, அதற்கு நேரம் இருக்கிறது.

"ஆத்துப் பக்கம் பாத்துட்டு வந்துடுவோங்கய்யா" என்று வலது பக்கம் திரும்பினாள். "அப்புறம்? வேற என்னெல்லாம் பண்ணும் உங்க பொண்ணு?"