பாவம் பார்க்காத வீடு

மனைவி போன நாளிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வார்த்தை "பாவம்". துக்கம் கேட்க வந்தவர்கள், எதிர்வீட்டுக்காரர், பால்காரர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த ஒருவரை அவர் வெளியே இழுத்துவிட்டபோது, அந்த ஆள்கூட வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "பாவம் சார் நீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவரைப் பார்த்துப் பரிதாபப்படாத ஒரே ஜீவன் நாய். அதனாலேயே அதன் மேலும் கோபம்.

அடிபட்டது, யாரோ கைவிட்டது என்று மனைவி எத்தனையோ நாய்களைத் தூக்கி வந்து, தேற்றி, நல்ல வீடு பார்த்து அனுப்பியிருக்கிறாள். கடைசியாக வந்தது இது. யாரோ கம்பியால் கட்டிப் போட்டிருந்ததில் கழுத்தைச் சுற்றி மயிர் முளைக்காத வடு. அறை அறையாகப் போய் மேற்பார்வை பார்க்கும் என்பதால் 'மேனேஜர்' என்று பெயர் வைத்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு மேனேஜர் தட்டை வழித்துத் தின்றுவிட்டு மல்லாந்து குறட்டை விட்டது.

"உனக்குக் கொஞ்சமாவது உறைக்குதா?" என்று கத்தினார். அது வாலை ஆட்டியது.

ஆனால் இதை வைத்துக்கொள்ளவும் வழியில்லை. எந்த லிஃப்ட் எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அவர் கிளம்பிப் போனால் பூட்டிய வீட்டில் நாள் முழுக்கக் கதவைப் பிறாண்டியது. நகத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் தன் மனைவியோடு வந்தான். அவள் வடுவைப் பார்த்ததும் கண் கலங்கினாள்.

"ஐயோ, பாவம்ண்ணா இது! அண்ணி நினைவா எங்ககிட்டயே இருக்கட்டும்."

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா?"

"பால்கனி இருக்குல்ல மாமா," என்றான் மச்சினன். "கட்டிப் போட்டுட்டா..."

பாவம் என்று வருகிறவர்களுக்கு மனைவி நாய் தர மாட்டாள். அதற்காக அவளோடு எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறார். "இரக்கப்படறவங்களை விரட்டுறியே, உனக்கென்ன கல்நெஞ்சா?" என்பார். "சோபாவைக் கடிக்கட்டும், அப்புறம் பாருங்க அந்த இரக்கத்தை" என்பாள். திரும்பி வந்த நாய்களை வாசலில் அவரும் பார்த்திருக்கிறார். உள்ளே கூப்பிட்டாலும் வராமல், கொண்டுவந்து விட்டவர்கள் போன பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும்.

"குடுக்க முடியாது மாப்ளே."

"என்ன மாமா இது? எங்க அக்கா நாய். எனக்கு உரிமை இல்லையா?"

"உங்க அக்கா கம்பியை அவுத்துக் கூட்டிட்டு வந்தா. திரும்பக் கட்டறதுக்கா உரிமை கேக்கறே?"

"அப்ப நீங்களே வச்சுக்கங்க. பாவம், தனியாத்தானே..."

"இன்னொரு தடவை பாவம்னு சொன்னே, பல்லு கையில வந்துரும்!"

அவர்கள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அழைப்பு மணி அடித்தது. நாய் வேண்டுமென்று போனில் கேட்டிருந்த, பஸ் ஓட்டுகிற பெண். வாசலிலேயே நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"இதானா? மூஞ்சியப் பாருங்க, எங்க டிப்போ அதிகாரி மாதிரி. செருப்பு கடிக்குமா?"

"கடிக்கும்."

"குறட்டை?"

"விடும்."

"நான் விடியறதுக்குள்ள வண்டி எடுக்கணும். எனக்குத் தூக்கம் கெட்டுச்சுன்னா நீங்களா வந்து ஓட்டுவீங்க?"

அவருக்கு ரத்தம் கொதித்தது. "இவ்வளவு குறை சொல்றவங்க எதுக்கு வந்தீங்க?"

"இப்பக் கேக்காம கூட்டிட்டுப் போயிட்டு, நாளைக்கு உங்க வாசல்ல கொண்டாந்து தள்ளச் சொல்றீங்களா?" அவளும் குரலை உயர்த்தினாள்.

அவள் குனிந்து வடுவைப் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கழுத்துல பட்டை மாட்டக் கூடாது. நெஞ்சோட சேத்துக் கட்டற வாரு வாங்கணும். அது வேற ஒரு அலைச்சல்."

"நீங்க வேலைக்குப் போயிட்டா இதை யார் பாத்துக்குவா?"

"எங்கம்மா இருக்கு. கால் நடக்காது, வாய் நல்லா ஓடும். நாள் பூரா திட்ட ஆளில்லாம என்னைப் பிடிச்சுக்குது. இனிமே இதைத் திட்டட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்துவிட்டதே என்று அதற்கும் கோபம் வந்தது. தட்டையும், அது படுக்கும் பழைய போர்வையையும் எடுத்து அவள் கையில் திணித்தார்.

மேனேஜர் ஒவ்வொரு படியாக மோந்து பார்த்துக்கொண்டு இறங்கியது. அவள் கொண்டுவந்திருந்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

"நன்றி கெட்ட நாயே!" மாடியிலிருந்து கத்தினார். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஆட்டோ உறுமியது. "மழை பெஞ்சா கட்டிலுக்கடியில போயிரும்! பிடிச்சு இழுக்காதீங்க! தானா வரும்!"

"நான் எதுக்கு இழுக்கறேன்? உள்ள போங்க சார்!"

"தலையைத் தடவாதீங்க, பிடிக்காது! காதுக்குப் பின்னாடி..."

ஆட்டோ முனை திரும்பிவிட்டது.

"காதுக்குப் பின்னாடி சொறியணும்!" என்று காலித் தெருவைப் பார்த்து இன்னும் பலமாகக் கத்தினார்.