கார்டில் வளராத பிள்ளை

துணி வாங்க வெளிநாட்டு பையர் வருகிற நாளில் பனியன் கம்பெனிக்கு ஒரு காய்ச்சல் வரும். தரைக்குப் பினாயில், சுவருக்குப் பெயிண்ட், தையல்காரர்கள் மூக்குக்கு மாஸ்க். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டிய ராபினுக்கு அந்தக் காய்ச்சல் ரொம்பப் பிடிக்கும். அவன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். இப்போது அவிநாசிக்கு வெளியே, கை கால் சரியாக இயங்காத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் நன்கொடையாளர்களைக் கவனிப்பதுதான் அவன் வேலை. இன்றைக்கு அந்தக் காய்ச்சலைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டான்.

வரப்போகிறவர் கிட்டுசாமி. பிள்ளைகளுக்கான பனியன் துணி தைக்கும் இரண்டு யூனிட்டுக்கு முதலாளி. பிள்ளைகளுக்கு நடை பழக்குகிற மிஷின் ஒன்றை, தன் அம்மா கருப்பாத்தாள் பெயரில் வாங்கிக் கொடுத்தவர். பெல்ட் போட்டுத் தொங்கவிட்டால் கால் ஊன்றாத பிள்ளைகூட எட்டு வைக்கும். ஆனால் அதை இயக்கத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட், வந்த வேகத்தில் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். போன வருஷத்திலிருந்து மிஷின் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. நித்தீஷ் என்று அவிநாசிப் பையன் ஒருவன் வேலைக்கு வரத் தயார். ஆனால் அவனையும் கோயம்புத்தூர் கூப்பிடுகிறது. நாளைக்குள் சம்பளத்துக்கு வழி சொல்லாவிட்டால் போய்விடுவான்.

"அந்த ரூமைத் தொறந்தே வெய்யுங்க ராபின்" என்றார் பள்ளியின் செயலாளர் தேவிப்பிரியா.

"மேடம், அத மட்டும் பாத்தாருன்னா சோலி முடிஞ்சிது. மொதல்ல சந்தோசப்படுத்துவோம். சம்பளப் பேச்ச அப்புறம் எடுப்போம்."

அவர் மறுத்துப் பேசுவதற்குள் கார் ஹாரன் கேட்டது. ராபின் ஓடிப்போய் ரூமைப் பூட்டிச் சாவியைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

எல்லாம் அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த தேஜஸ்ரீ பூங்கொத்து கொடுத்தாள். "சாக்லேட் கொண்டாரலீங்களா?" என்று அவள் கேட்டதும் கிட்டுசாமி வாய்விட்டுச் சிரித்தார். ராபினுக்கு நெஞ்சு குதித்தது. ஆர்டர் கையில் விழுந்த மாதிரிதான்!

கிட்டுசாமி சிரித்துக்கொண்டே நடந்தவர், நேராக அந்தப் பூட்டு முன்னால் போய் நின்றார்.

"இது என்ன ரூமுங்க தம்பி?"

"அது வந்து சார்... சாவியத்தான் தேடிட்டு இருக்கோம்."

"அட! எங்க கம்பெனிலயும் ஆடிட் வந்தா ஒரு ரூம் சாவி தொலைஞ்சு போயிருமுங்க. ஸ்டோர் கீப்பர் ஊருக்குப் போயிட்டான்னு சொல்லுவம். நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

ராபினின் கை பேண்ட் பாக்கெட்டைப் பொத்தியது.

தேவிப்பிரியா அவன் பக்கம் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க ராபின்."

கொடுத்தான். கதவு திறந்தது. போர்வையின் மடிப்பிலெல்லாம் தூசி. கிட்டுசாமி அதன் நுனியைத் தூக்கினார். உள்ளே பித்தளைத் தகட்டில் கருப்பாத்தாள் என்ற பெயர்.

"எங்காத்தா பேரு மேல போர்வை" என்றார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

பிறகு சட்டைப் பையிலிருந்து வாழ்த்து அட்டைகளை எடுத்து விரித்தார். எல்லாம் ராபின் அனுப்பியவை. போன பொங்கல், தீபாவளி, இந்தப் பொங்கல். ஒவ்வொன்றிலும் அந்த மிஷினில் தேஜஸ்ரீ எட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணுலயும் அதே மஞ்ச டி-சர்ட். கை நீளம்கூட மாறுல. வளர்ற புள்ளைக்கு வருசத்துக்கு ரெண்டு சைஸ் ஏறுமுங்க. நான் பொழைக்கறதே அதை வெச்சுத்தான! இந்த ரூமைப் பாக்கத்தான் இன்னைக்கு வந்தேன்."

தேவிப்பிரியா நிமிர்ந்து நின்றார். "ஓட்டற ஆளு போயிட்டாருங்க. அன்னைக்கே சொல்லியிருக்கோணும். சொன்னா உங்க மனசு நோகும்னு பழைய போட்டோவ அனுப்பிட்டம். தப்பு என்னுதுங்க."

ராபின் திடுக்கிட்டான். கார்டு யோசனை முழுக்க அவனுடையது.

"இல்ல சார், அது நாந்தான்..."

"கையெழுத்துப் போட்டது நான்" என்று அவனை நிறுத்தினார் தேவிப்பிரியா. "இப்பக் கேக்கறனுங்க. மிஷின் குடுத்தீங்க. அதை ஓட்ட அவிநாசிப் பையன் ஒருத்தன் தயாரா இருக்கான். ஆளுக்குச் சம்பளமும் நீங்கதான் குடுக்கோணும். அதுக்குக் கல்வெட்டு வெக்க முடியாது. ரிப்பன் வெட்ட முடியாது. ஆனா இந்தப் புள்ளைக நடக்கும்."

இப்படி ஒருவர் நேருக்கு நேர் கேட்டு ராபின் பார்த்ததே இல்லை. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏனம்மிணி" என்றார் கிட்டுசாமி. "என்ர கம்பெனில ஒரு லைன் தையல் மிஷினே டைலர் கெடைக்காம துணி போத்திக் கெடக்குது. ஆளு போயிட்டான்னா அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாதுங்களா? ஒரு போன் போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே! அந்தப் பையனை வரச்சொல்லுங்க. மூணு வருசச் சம்பளம் என்னுது."

ராபின் ரூமுக்கு வெளியே ஓடினான். ஓடிய வேகத்தில் கீழே விழுந்த போனைப் பொறுக்கி எடுத்து நம்பரைப் போட்டான். "தம்பி நித்தீஷ், கோயம்புத்தூருக்குப் போவாதீய! வண்டிய எடுங்க, இப்பமே வாங்க! ஆமா, இப்பமே!"

வைத்த காபி ஆறுவதற்குள் நித்தீஷின் பைக் கேட்டுக்குள் நுழைந்தது. அதற்குள் ராபின் பனியன் வேஸ்ட் துணியால் மிஷினைப் பளபளவென்று துடைத்திருந்தான். நித்தீஷ் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தான். தேஜஸ்ரீயின் காலையும் இடுப்பையும் பிடித்துச் சோதித்தான். பிறகு பெல்ட்டை மாட்டினான். கொக்கி பழைய ஓட்டையில் விழவில்லை. எட்டவே இல்லை.

"கண்ணு, வளந்துட்டீங்களே!" என்று சொல்லி, கடைசி ஓட்டைக்குப் போனான்.

தேஜஸ்ரீயின் கால் தரையைத் தொட்டது. ஒரு எட்டு. நடுங்கியது. இன்னொரு எட்டு. "அண்ணா, வேகமா!" என்று கத்தினாள். வாசலில் பிள்ளைகள் கைதட்டினார்கள். தேவிப்பிரியா முகத்தைத் திருப்பி முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

ராபின் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினான்.

"எனக்குக் கார்டெல்லாம் வேண்டாமுங்க தம்பி" என்றார் கிட்டுசாமி, கண்ணை அந்தக் கால்களிலிருந்து எடுக்காமல். "மாசம் ஒருக்காப் போன் போடுங்க, நல்லதோ கெட்டதோ. இதை மட்டும் எடுத்து அனுப்புங்க. இன்னைக்குப் போட்டிருக்கற சட்டை நல்லாத் தெரியோணும்!"