பெஞ்சில் உட்கார்ந்த நெஞ்சுவலி

'ஒரு டோக்கனுக்கு ஒரு நோய்தான்' என்று டாக்டர் பலகை மாட்டிய மறுநாளிலிருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் மிச்ச வலிகள் வெளியே பெஞ்சில் உட்காரத் தொடங்கின. சொல்கிற வலி ஆளோடு உள்ளே போகும். சொல்ல முடியாதவை வாசலிலேயே இறங்கிக்கொள்ளும். ஆட்கள் கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். முதல் வாரம் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் உட்கார இடமில்லையே என்று மட்டும் முணுமுணுத்தார்கள். வலிதான் பெஞ்சில் இருந்தது, நோய் அவரவர் உடம்பிலேயே இருந்தது. அது நர்ஸம்மாவுக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். இருமலுக்கு டோக்கன் வாங்கிய லாரி டிரைவர் தலைவலியை விட்டுப்போனார். நாலாம் நாள் ரத்தக்கொதிப்பில் மண்டை நரம்பு வெடித்துச் செத்தார். கேட்க ஆளில்லாமல் அந்தத் தலைவலி இன்னும் ஒன்பது நாள் பெஞ்சில் கிடந்தது.

"இருமலுக்குத்தான டோக்கன் போட்டார்? இருமல் நின்னுடுச்சில்ல?" என்றார் டாக்டர். நர்ஸம்மா அவரை மனசுக்குள் திட்டினாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்தப் பாவி மனுஷனுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை, தையல்காரியான அவளுடைய அக்கா முட்டிவலிக்கு வந்தாள். நர்ஸம்மா உள்ளே ஒருவருக்குப் புண்ணுக்குக் கட்டுப்போட்டுவிட்டு வெளியே வந்தபோது, அக்கா முட்டிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். ரவிக்கை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பெஞ்சில் அவளுடைய நெஞ்சுவலி உட்கார்ந்திருந்தது.

"அது வெறும் கேஸுடி. இப்பதான் எறங்கிடுச்சே, விடு," என்றாள் அக்கா. நர்ஸம்மா அவளை இழுத்துவந்து கட்டிலில் படுக்கவைத்தாள்.

டாக்டர் தலை நிமிரவில்லை. "நெஞ்சுக்கு நாளைக்குத் தனி டோக்கன்."

நர்ஸம்மா வெளியே போனாள். வலியை இரண்டு கையாலும் தூக்கினாள். அரிசி மூட்டை கனம் கனத்தது. கொண்டுவந்து டாக்டரின் நெஞ்சில் வைத்தாள். பேனா விழுந்தது, இடதுகை தொங்கியது, முகம் வெளிறியது.

"ஐயோ! ஈசிஜி எடுங்க! ஆம்புலன்ஸ்!"

"இது எங்கக்கா வலி சார். அவளுக்கு என்ன செய்யணும், அதைச் சொல்லித் தொலைங்க!"

"ஆஸ்பிரின்... மென்னு முழுங்கச் சொல்லுங்க. ஈசிஜி அவங்களுக்கு எடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்புங்க."

அக்கா பிழைத்தாள். வலியைத் திருப்பி வாங்க அவள் வரவில்லை, டாக்டரும் கூப்பிட்டனுப்பவில்லை. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டேதான் இன்றும் நோயாளி பார்க்கிறார். ஒவ்வொருவரிடமும், "வேற எங்க வலிக்குது?" என்று மூச்சு வாங்கக் கேட்கிறார். நர்ஸம்மா அவரிடம் இன்னும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.