கடைசி நான்கு எண்கள்

கைப்பேசியில் அந்தப் பச்சைப் புள்ளி மூன்று நாட்களாக ஈப்போவிலேயே நின்றுகொண்டிருந்தது. கிள்ளான் துறைமுகத்தில் கூட்ஸ் ரயிலில் ஏற்றிய கார் தண்டவாளத்தில் எதுவரை வந்திருக்கிறது என்பதை அது காட்ட வேண்டும். கார் ஏஜெண்ட் ஃபிக்ரி அனுப்பிய இணைப்பைத் தட்டி, காரின் சேசிஸ் எண்ணைப் போட்டால் புள்ளி தெரியும். தயாளன் பல் துலக்குவதற்கு முன் ஒரு தடவை பார்த்தார். பசியாறும்போது ஒரு தடவை பார்த்தார். ஜெலுத்தோங் அடுக்குமாடியின் மின்தூக்கியில் சிக்னல் கிடைக்காது என்று தெரிந்தும் அதற்குள் நின்று ஒரு தடவை பார்த்தார்.

"ரயில் ஓட்டுறவன் ஈப்போவுல பொண்ணு பாத்துட்டான் போல," என்றார்.

"வர்றப்ப வரும்லா. நீங்க பாத்தா மட்டும் ஓடிருமா?" என்று மனைவி காமினி அடுப்படியிலிருந்து சொன்னாள். முப்பத்திரண்டு வருடங்களாக அவருடைய சிடுசிடுப்பைக் கேட்டுக் கேட்டு, மழைச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத்தான் அவள் அதற்கும் திரும்பிப் பார்ப்பாள்.

தயாளன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடங்கள் வேலை பார்த்தவர். நுண்ணோக்கிக்குக் கீழே சர்க்யூட் பலகைகளை வைத்து, எங்கே ஈயம் சரியாக ஒட்டவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்றதும் பலகைகள் போய்விட்டன, பார்வை மட்டும் மிச்சமிருந்தது. எதிர்வீட்டுக்காரன் செருப்பை அடுக்கும் விதம், பேருந்தில் சத்தமாகப் பேசுகிறவர்கள், கோப்பிக் கடையில் இரண்டு வெள்ளி காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் ஒட்டாத இடம்தான் முதலில் அவர் கண்ணில் படும்.

இந்தக் காரை அவர் ஆசைப்பட்டு வாங்கவில்லை. காமினியின் தம்பி ஹரீஷ் சுங்கை பட்டாணியில் பெரிய வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று, தயாளனின் இருபத்திரண்டு வருடத்துக் கார் போர்ச்சில் கொஞ்சம் எண்ணெய் ஒழுக்கிவிட்டது. ஹரீஷ் சிரித்தபடி, நாற்பது பேர் பார்க்க, அவர் தோளில் கை போட்டான். "மாமா, காடிய கொஞ்சம் வெளிய ரோட்டுல போட்டுருங்களேன். டைல்ஸ் இப்பதான் போட்டது." அவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரை வெளியே நிறுத்தினார். திரும்பி வரும்போது யாரோ அந்தக் கறையின்மேல் அட்டை ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்கள். அட்டை போட்டதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. மறுவாரமே புதுக் கார் புக் செய்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஹரீஷ் மகளுக்குத் திருமணம். அன்று காலை அந்த டைல்ஸின் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதைக் காமினியிடம் அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான்காம் நாளும் புள்ளி நகராததால் ஃபிக்ரியை அழைத்தார். "சபார், அங்கிள், சபார்," என்று அவன் பொறுமையைப் போதித்தான். சிஸ்டம் மெதுவாகத்தான் ஓடும், ரயில் ஒருவேளை பட்டர்வொர்த்துக்கே வந்திருக்கலாம் என்றான். பதினேழு இலக்க எண்ணைக் கொடுத்துவிட்டு 'ஒருவேளை' என்கிற பையனை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க தயாளனுக்கு மனமில்லை. தீவிலிருந்து ஃபெரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போனார்.

சரக்கு ரயில்கள் நிற்கும் யார்டுக்கு உள்ளே காவலாளி விடவில்லை. ஆனால் பக்கத்து நடைபாலத்தின்மேல் நின்றால் தண்டவாளங்களும், கார்கள் இறங்கும் சரிவுமேடையும் நன்றாகத் தெரிந்தன. ஒவ்வொரு காரின் முன்கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்டி, சேசிஸ் எண்ணின் கடைசி நான்கு எண்களைக் கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். தயாளனுடையது 4471.

அந்தப் பாலத்தில்தான் நூர் முகம்மது வந்து ஒட்டிக்கொண்டார். டத்தோ கிராமாட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர், இப்போது கடையை மகன் பார்க்கிறான். வயது அறுபத்தைந்து இருக்கும். அவரும் ஒரு காருக்காகத்தான் காத்திருந்தார்.

"எனக்கு அவசரம்லாம் ஒண்ணும் இல்லண்ணே. பிள்ளைய ஹாஸ்டல்லேர்ந்து கூட்டிட்டு வரப் போறவன் மாதிரி ஒரு சந்தோஷம். அதான் வந்துடுறேன்."

தயாளன் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். காரைப் பிள்ளை என்று சொல்கிற மனிதனிடம் பேச என்ன இருக்கிறது? நூர் முகம்மது ரயில் பெட்டிகளைச் சத்தமாக எண்ணுவார். பதினெட்டு, பத்தொன்பது வரை போய்க் கணக்கை விட்டுவிட்டு, "எவ்ளோ நீளம் பாருங்க," என்று அதையும் ஒரு கொண்டாட்டமாக ஆக்கிக்கொள்வார். என்ன நிறம் என்று தயாளன் ஒரு பேச்சுக்குக் கேட்டபோது, வெள்ளை என்றார். யோசிக்கத் தெரியாதவர்கள்தான் வெள்ளைக் கார் வாங்குவார்கள் என்று தயாளன் நினைத்துக்கொண்டார். அவருடையதும் வெள்ளைதான். ஆனால் வெள்ளை சீக்கிரம் கிடைக்கும் என்று ஏஜெண்ட் சொன்னதால் எடுத்தது, அது வேறு.

"நோன்பு மாசத்துக்கு முன்னாடியே புக் பண்ணிட்டேன்," என்றார் நூர் முகம்மது. "அந்தப் பையன் பாவம், நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிச் சொல்லி அவனுக்கே வெக்கமா போச்சு. நான் எதுவும் கேக்குறது இல்ல."

தயாளன் புக் செய்தது நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு மாதம் கழித்து. கேட்கத் தெரியாதவனுக்கு இந்த ஊரில் கடைசியாகத்தான் எல்லாம் கிடைக்கும் என்று நினைத்தார். அப்படி நினைத்ததில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, அவர் பாலத்தில் நிற்கும் மூன்றாவது நாள், நீளமான ரயில் ஒன்று வந்து நின்றது. கார்களை இறக்கத் தொடங்கினார்கள். நூர் முகம்மதின் கைப்பேசி ஒலியெழுப்பியது. அவர் அதைத் தூரமாகவும் பக்கமாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு தயாளனிடம் நீட்டினார்.

"கண்ணாடிய வீட்லயே விட்டுட்டேன். என்னா போட்டிருக்கான் பாத்து சொல்லுங்கண்ணே."

அதே பக்கம், அதே பச்சைப் புள்ளி. புள்ளி ஈப்போவை விட்டு பட்டர்வொர்த்துக்கு வந்திருந்தது. அதற்குமேல் சேசிஸ் எண். தயாளன் முதலில் கடைசி நான்கு எண்களைப் பார்த்தார். பிறகு, பழக்க தோஷத்தில், முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பதினேழும் அவருக்கு மனப்பாடம். பதினேழும் அவருடையவை.

"வந்துருச்சுன்னு போட்டிருக்கு," என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று நூர் முகம்மது கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இருங்கண்ணே, கீழ போயி தேத்தண்ணி வாங்கியாறேன். வெறும் வாயோட பாக்கக் கூடாது."

அவர் படியிறங்கியதும் தயாளன் பாலத்தின் மறுகோடிக்குப் போய் ஃபிக்ரியை அழைத்தார். மலாயில், குரலை உயர்த்தாமல், ஒரே எண்ணை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறாய் என்று கேட்டார். ஃபிக்ரி சிரித்தான். மாட்டிக்கொண்டவனின் சிரிப்பு கூட இல்லை அது, கூட்டாளியிடம் சிரிக்கிற சிரிப்பு. இந்த முறை வர வேண்டியதில் பாதிக் கார்கள்தான் வந்தன, இரண்டு அங்கிளும் கேன்சல் செய்யாமல் இருக்க ஒரே எண்ணைக் கொடுத்து வைத்தேன் என்றான்.

"அப்ப யாருக்கு?"

நாலு மணிக்குள் வந்து கையெழுத்துப் போடுங்கள், உங்களுக்கே தருகிறேன் என்றான் ஃபிக்ரி. அந்த டத்தோ கிராமாட் அங்கிள்தான் முதலில் புக் செய்தவர், ஆனாலும் பரவாயில்லை. "அவர் நல்ல மனுஷர், அங்கிள். ஏச மாட்டார். இன்னும் ரெண்டு மாசம்னு சொன்னா சரின்னுடுவார். நீங்கதான் ஏசுவீங்க."

தயாளன் அவனை ஏசுவதற்கு வாயைத் திறந்தார். பொறுக்கி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் அவன் கோபத்தில் நாலு மணியை மாற்றிவிடக் கூடும் என்றும் கூடவே தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

"மூணு மணிக்கே வர்றேன்," என்றார்.

கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றார். அவனுடைய சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. ஒரு ஏமாற்றுக்காரன் அவரை எடைபோட்டு, இவர் வருவார், அந்த மனிதரிடம் வாயைத் திறக்க மாட்டார் என்று சரியாகக் கணித்திருக்கிறான். இந்த வாரம் அவரைப் பற்றி யாராவது சரியாகக் கணித்தது அது ஒன்றுதான்.

நூர் முகம்மது மூச்சு வாங்கப் படியேறி வந்தார். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் தே தாரே என்னும் நுரைத் தேநீர், பையின் வாயில் கயிறு கட்டித் தொங்கியது. ஒன்றை தயாளனிடம் கொடுத்தார்.

"சீனி கம்மியா போடச் சொன்னேன். உங்களுக்கும் என் வயசுதானே, சக்கரை வியாதி இருக்கும்."

இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. தயாளன் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி சலேஹாகிட்ட இன்னும் சொல்லல," என்றார் நூர் முகம்மது. "கல்யாணமான நாள்லேர்ந்து என் கடை வேன்லதான் போயிட்டு வந்துட்டு இருக்கா. எங்க இறங்கினாலும் சீரகம் வாடை அடிக்குதுன்னு ஜனங்க திரும்பிப் பாப்பாங்க. அவ ஒரு நாளும் குறை சொன்னதில்ல. இன்னைக்கு சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டி ஹாரன் அடிக்கப் போறேன். நான்தான்னு தெரியாம ஏசுவா பாருங்க."

தயாளன் தேநீரை உறிஞ்சினார். நாக்கு சுட்டது. "அந்த ஏஜெண்டு," என்று ஆரம்பித்தார்.

"ஃபிக்ரியா? உங்களுக்கும் அவன்தானா?" நூர் முகம்மது முகம் மலரத் திரும்பினார். "நல்ல பையன்லா."

தயாளன் கீழே பார்த்தார். சிவப்புக் கார் ஒன்று இறங்கிப் போனது. அடுத்து ஒரு சாம்பல் நிறம். அதன் பின்னால், ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன் ஏறி உட்கார்ந்த வெள்ளைக் கார் பெட்டியின் இருட்டிலிருந்து மெல்ல வெளியே வந்து, சரிவுமேடையின் உச்சியில் ஒரு கணம் நின்றது. வெயில் அதன் முகத்தில் அடித்தது. கண்ணாடியில் ஒட்டிய தாளின் ஒரு மூலை காற்றில் படபடத்தது.

நூர் முகம்மது கம்பியின்மேல் சாய்ந்து கண்களைச் சுருக்கிக்கொண்டார்.

"அண்ணே, வெள்ளை ஒண்ணு நிக்குது. என்னா நம்பருன்னு பாருங்கண்ணே."

தேநீர்ப்பையின் கயிறு தயாளனின் விரலில் இறுகியிருந்தது. கார் சரிவில் இறங்கத் தொடங்கியது. 4471. நான்கு எண்களும், கறுப்பாக, பெரிதாக, அவரை நோக்கி வந்துகொண்டிருந்தன.