சட்டியில் மூன்று தட்டு

என் வீட்டுக்காரர் கரணையால் சிமெண்ட் சட்டியை மூன்று தட்டு தட்டினால், கலவை கேட்கிறார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். எழப் போகிறார், நான் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்பது அவருக்குக் கலவை போட்டுக் கொடுக்கும் எனக்கு மட்டும் தெரியும். டைல்ஸ் போடுகிறவருக்கு நாளெல்லாம் குத்துக்கால் வேலை. ஆறு மாதமாக எழுந்தால் கண் இருட்டுகிறது. படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்த டாக்டர், "எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கிடுது" என்றார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தொடை வரை இறுக்கமான காலுறை போட வேண்டும், எழுமுன் கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விட வேண்டும். வைத்தியம் அவ்வளவுதான். இந்த மனுஷனை அதைச் செய்ய வைப்பதற்குள் எனக்கு உயிர் போகிறது.

"இன்ஜினியருக்குத் தெரிஞ்சா வேலையிலேர்ந்து தூக்கிடுவான். வாயத் திறக்காத" என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தார். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

அன்று எட்டாம் மாடி பால்கனி. கைப்பிடிக் கம்பி இன்னும் வைக்கவில்லை, ஒரு நைலான் கயிறு மட்டும் கட்டியிருந்தார்கள். புழுங்குகிறது என்று காலுறையைக் கழற்றிக் கூடையில் எறிந்துவிட்டு விளிம்பு வரிசையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டில் திறக்காமலே கிடந்தது. கலவையைக் கிளறிக்கொண்டே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, இங்க வாங்க. என்ன லெவல் இது?" கூடத்திலிருந்து இன்ஜினியர் கத்தினான்.

தான் போட்ட டைல்ஸின் மட்டத்தைக் குறை சொன்னால் என் வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. சட்டியைத் தட்டவில்லை. விருட்டென்று எழுந்தார். கை சுவரைத் தேடியது. சுவர் இடது பக்கம் இருந்தது. கை கயிற்றுப் பக்கம் போனது.

"உக்காருங்க! அப்படியே உக்காருங்க!"

ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இருவரும் ஈரக் கலவையில் பொத்தென்று விழுந்தோம். புதிதாக வைத்த நாலு டைல்ஸ் புரண்டன.

இன்ஜினியர் வாசலுக்கு வந்துவிட்டான். "என்னம்மா ஆச்சு?"

அவர் என் கையை நசுக்கினார். வழுக்கிவிட்டது என்று சொல்லச் சொல்கிறார். பத்தொன்பது வருஷமாக அந்தக் கை சொன்னதைக் கேட்டவள்தான் நான்.

"எழுந்தா கண்ணு இருட்டிடும் சார். ஆறு மாசமா" என்றேன்.

இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டிலைக் கொடுத்தேன், குடித்தார். சிமெண்ட் அப்பிய காலைத் துடைத்துக் காலுறையை ஏற்றினேன், காலை நீட்டினார். என்ன சொல்வார்களோ, உள்ளே பேச்சு நீண்டுகொண்டே போனது.

வெகுநேரம் கழித்துக் கரணையை எடுத்தார். சட்டியில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மூன்றாவதற்காக நின்றேன்.