சலாவுதீனின் ஸ்கூட்டர் கேஸ்

நாலு வருஷம் காத்திருந்த ஷரீபுன்னிசாவுக்கு ஒரு திங்கட்கிழமை அந்தக் கார்டு வந்தது. கேஸ் இணைப்புக்கு முறை வந்துவிட்டது. பதிவு செய்தவர் ரேஷன் கார்டோடு சனிக்கிழமைக்குள் தர்மபுரி கேஸ் ஆபீசுக்கு நேரில் வர வேண்டும், தவறினால் முறை அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. பதிவு செய்தவர் அவள் வீட்டுக்காரர் சலாவுதீன். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்தார். வினையே அங்கேதான்.

"அங்க போயி எதுக்குக் கையக் கட்டி நிக்கணும் ஷரீபு? கேஸை அமுக்கித் தண்ணியாக்கி சிலிண்டர்ல வச்சிருக்கான், அவ்வளவுதான். நம்ம ஸ்கூட்டர் வுடறதும் கேஸுதானே? காத்து அமுக்குற மிஷினு கடையிலயே கெடக்குது."

இருபது வருஷம் விறகடுப்பு ஊதியவளுக்கு எங்கேயோ இடித்தது. "எரிஞ்சு முடிஞ்ச புகை மறுபடி எரியுமாங்க?"

"உனக்கு சயின்ஸ் தெரியாது" என்றார். அவருக்கு மட்டும் தெரியுமா என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஸ்கூட்டரின் புகைக்குழாயில் ரப்பர் குழாயை மாட்டி, லாரி ட்யூப் நிறையப் புகையை அடைத்தார். அதை மிஷினில் அமுக்கி ஒரு கனத்த இரும்பு டாங்கிக்கு ஏற்றினார். டாங்கியைச் சுற்றி ஐஸ் கட்டியும் உப்பும் கொட்டி, கல்யாணப் பெண்ணைப் போல் சாக்கு போர்த்தி வைத்தார். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் திரும்பியபோது வாசலில் பாதித் தெரு நின்றது. தண்ணியாக வரும் என்று கேள்விப்பட்டு சென்னம்மாள் குடத்தோடு வந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஜான் பீ கையில் மூடி போட்ட தூக்குப்போசி.

குழாயைத் திறந்தார். ஒரு டம்ளர் கரித்தண்ணீர் ஒழுகியது. பிறகு உஸ்ஸென்று காற்று. தீக்குச்சி காட்டினார், அணைந்தது. ஒரு பெட்டி தீக்குச்சியும் அணைந்தது. ரோஷம் வந்து, ஷரீபுன்னிசாவின் அடுப்பிலிருந்தே கொள்ளிக்கட்டையை உருவிவந்து நீட்டினார். அதுவும் அணைந்தது. அன்றைக்கு மதியச் சோறு அரைவேக்காட்டில் நின்றது.

அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "நாளைக்கு நான் வரலை. சிலிண்டரோட பஸ்ஸ வுட்டு எறங்குனா ஊரே சிரிக்கும்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஊரு நாலு நாளு சிரிக்குங்க. நான் சாவுற வரைக்கும் இருமணும்."

காலையில் அவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றார்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவர், சிலிண்டரைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி வேகமாக நடந்தார். பின்னாலேயே ஷரீபுன்னிசா. ஜான் பீ விடுவாளா? குறுக்கே வந்து நின்று, சாக்கை விலக்கித் தட்டிப் பார்த்தாள். "இது நீ பண்ணதா, சலாவுதீன்?"

அவர் சாக்கை இழுத்து மூடப் பார்த்தார். ஒரு வாரத்து ஏச்சு முழுக்க ஷரீபுன்னிசாவின் நாக்கு நுனியில் இருந்தது. கழுத்தெல்லாம் வேர்த்து நின்ற மனிதரைப் பார்த்தாள். பாவமாகப் போய்விட்டது.

"ஆமாக்கா, அவரேதான் பண்ணாரு" என்றாள். "இனிமே பண்ண மாட்டாரு."