பதினெட்டு கிலோ மிச்சம்

தொப்பூரில் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ், காட்டுப் பாதையில் ஓடும் நாலு சக்கர பைக் ஒன்றின் இரும்பு ஃபிரேமைக் கழற்றிவிட்டு, மூன்று மாதம் பாடுபட்டு அலுமினியத்தில் ஒன்று செய்தார். பதினெட்டு கிலோ குறைந்தது. எங்கள் மகள் பிறந்தபோதுகூட அவர் எடையைப் பார்த்து இவ்வளவு பூரித்ததில்லை.

சித்தேரி மலையில் சுற்றுலா முகாம் நடத்தும் மணிமேகலைக்கு ஆறு வண்டிகள் வேண்டும். எங்களுக்கும் தருமபுரி மாதவராஜுக்கும் போட்டி. அவருடையது இரும்பு வண்டி. இரண்டு வண்டியும் பின்னால் ஒரு ஆளோடு மண்பாதையில் மலையேற வேண்டும். மணிமேகலைக்குப் பிடித்த வண்டிக்காரருக்கு வேலை. கிடைக்காவிட்டால் இவர் பட்டறையை மூடிவிட்டு ஓசூர் கம்பெனிக்குப் போக வேண்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் புருஷன். எனக்கு அது ஆகாது. அதனால் பின்சீட்டில் நானே ஏறினேன்.

ஏறியவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடிவாரத்து டீக்கடையில், "எங்க வண்டி பதினெட்டு கிலோ கம்மிங்க" என்று பெருமையடித்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற காசியம்மாள் ஒரு பையை என் மடியில் வைத்தார்.

"நாலு கிலோ வெங்காயம் கண்ணு. மேல மக வூட்டுல குடுத்துரு. இன்னும் பதினாலு கிலோ மிச்சந்தான கெடக்குது?"

என் வீட்டுக்காரருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. வண்டி கிளம்பியது. அதற்குள் போனில் சேதி மலையேறிவிட்டது.

இரண்டாவது வளைவில் பெரியண்ணன் பலாப்பழத்தோடு காத்திருந்தார். "பதினாலு கிலோ எடம் இருக்குதாமே. இது பதினொன்னுதாங்க."

மூன்றாவது வளைவில் அமுதவல்லி ஒரு கோழியை நீட்டினாள். "ரெண்டு கிலோதாங்க்கா. மிச்சம் ஒரு கிலோவ உங்களுக்கே உட்டுட்டேன்."

பழத்தின் முள் ஒரு பக்கம் குத்த, கோழி மறுபக்கம் கொத்த, நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாதவராஜ் டீ குடித்து முடித்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மணிமேகலை என் மடியைப் பார்த்தார். பிறகு மாதவராஜிடம், "உங்கள வழியில யாரும் நிறுத்தலீங்களா?" என்று கேட்டார்.

"கை காட்டுனாங்க. நான் நிக்கலீங்க."

"நாளைக்கு ரிப்பேருக்குக் கூப்பிட்டாலும் இப்படித்தான் நிக்காம போவீங்க." எங்கள் பக்கம் திரும்பினார். "வேலை உங்களுக்குத்தாங்க."

நான் கோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"ஆனா ஆறு வண்டியும் இரும்புலயே பண்ணிருங்க. லேசுன்னு தெரிஞ்சா எங்காளுங்க கன்னுக்குட்டியவே ஏத்திருவாங்க."

ஓசூர் இல்லை என்ற சந்தோஷத்தில் நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். இவர் மட்டும் அலுமினியக் குழாயைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, "மூணு மாசங்க" என்றார்.